வடித்தெடுப்போம், வாரி எறியோம்

நம் பல்கலைக்கழகத்தில் பயிலும் தோழர் ஒருவரை வழியில் நிறுத்தி, "உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் படிக்கப்படாமல் கிடக்கும் கடிதங்கள் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆயிரத்தைத் தாண்டிவிட்டது" என்பார் ஒருவர். "எண்ணுவதையே விட்டுவிட்டேன்" என்பார் இன்னொருவர். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்தி இதுவன்று என்பது என் கருத்து. அந்தக் குவியலுக்குள்ளேதான் உதவித்தொகை அறிவிப்பு இருக்கிறது. தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் இருக்கிறது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும் இருக்கிறது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளை ஓர் அறிவிப்பைத் தவறவிட்டால் அபராதம் கட்டித் தப்பித்துக்கொள்ளும். ஏழை வீட்டுப் பிள்ளை தவறவிட்டால் ஓர் ஆண்டையே இழக்க நேரிடும்.

இந்தக் குவியல் எப்படி வந்தது? அஞ்சலட்டை வாங்கக் காசு வேண்டியிருந்த காலத்தில், எழுதுகிறவர் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்து எழுதினார். மின்னஞ்சலில் ஒருவருக்கு எழுதினாலும் பதினாயிரம் பேருக்கு எழுதினாலும் அனுப்புகிறவருக்கு ஏறக்குறைய ஒரே செலவுதான். 1978 மே 3ஆம் நாள், அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றின் விற்பனையாளரான கேரி தூர்க் என்பவர், அன்றைய ஆர்ப்பாநெட் வலையிலிருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். கேளாமல் வந்து குவியும் அஞ்சலின் வரலாறு அங்கே தொடங்குகிறது என்பர்.

ஆனால் குவியலில் உள்ள எல்லாமே குப்பை என்று முடிவுகட்டுவது பெரும்பிழை. பெட்டிக்கு வருவன மூவகை. ஒன்று, நமக்கென்றே ஒருவர் எழுதும் தனிக்கடிதம். இரண்டு, நாமோ நம் கல்விக்கூடமோ நம் பெயரைப் பதிந்ததனால் பலருக்கும் ஒருசேர வரும் கடிதம். துறை அறிவிப்பு, நூலகச் செய்தி, விடுதிச் செய்தி, சங்கத்து அழைப்பு, ஆய்வாளர் குழுவின் உரையாடல் ஆகியவை இவ்வகை. இதை மடற்குழுக் கடிதம் என்று சொல்லுவோம். மூன்று, நாம் கேளாமலே வரும் வேண்டாத அஞ்சல். ஸ்பேம் என்று எல்லோரும் அறிந்தது. இரண்டாம் வகையை மூன்றாம் வகையென்று கருதிக் கைவிடுவதுதான் நம் மாணவர்க்குப் பெருந்தீங்கு செய்கிறது. இவற்றைப் பிரித்தறியும் கலையைப் பற்றித்தான் எழுதப் புகுந்தேன்.

பிரித்தறிதலின் அருமையை நான் கற்றது என் பிறந்த ஊரில். நான் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவன். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே காலூன்றியதிலிருந்து, 2001 பிப்ரவரி இறுதியில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரையில், ஏறத்தாழ 800 டன் தங்கம் அந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தவர்களுள் மிகப் பலர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர். என் தாத்தாவும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர்தாம். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கம் அது.

தங்கம் கட்டி கட்டியாகக் கிடக்கும், அள்ளிக்கொண்டு வரலாம் என்று நினைப்போர் உண்டு. உண்மை அதுவன்று. ஒரு டன் பாறைக்குள் ஒளிந்திருப்பது சில கிராம் தங்கம். பாறையை இடித்துப் பொடியாக்கி, நீரோடு கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிட்டார்கள். தங்கத்துகள் பாதரசத்தோடு ஒட்டிக்கொண்டது. அதற்கும் பிடிபடாமல் நழுவியதைச் சயனைடுக் கரைசலில் கரைத்துப் பிடித்தார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பளபளப்பைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ அவர்கள் தங்கத்தைப் பிரிக்கவில்லை. தங்கத்துக்கென்றே உரிய ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டு பிரித்தார்கள். மேற்றோற்றம் ஏமாற்றும், குணம் ஏமாற்றாது.

மின்னஞ்சலைப் பிரிக்கும்போதோ, நாம் மேற்றோற்றத்தைத்தான் பார்க்கிறோம். அதனால் விளையும் கேட்டுக்கு ஒரு சான்று சொல்கிறேன். எங்கள் மாரிக்குப்பம் லைன் வீடுகளிலிருந்து கல்லூரிக்குச் சென்ற முதல் தலைமுறைப் பெண்களுள் ஒருத்தி, எனக்குத் தங்கை முறை. ஊரையும் பெயரையும் சொல்ல வேண்டாத ஒரு கல்லூரியில் படித்தாள். அந்தக் கல்லூரி அலுவலகம் எல்லா அறிவிப்பையும் ஒரே முகவரியிலிருந்து அனுப்பும். நடனப் போட்டி, உணவு விழா, கிரிக்கெட் ஆட்டம், கட்டணச் சலுகை எல்லாம் அதே வாயில் வழியாகத்தான் வரும். நாளொன்றுக்குப் பத்து, பதினைந்து கடிதம். சலித்துப்போன அந்தப் பெண், ஒருநாள் உணவு விழாக் கடிதத்தை 'ஸ்பேம்' என்று குறித்துவிட்டாள். அடுத்து வந்த கடிதங்களும் தாமாகவே அந்தப் பெட்டிக்குள் போய் விழுந்தன. விடுதிக் கட்டணச் சலுகைக்குச் சான்றிதழ் கேட்டு வந்த கடிதமும் அவற்றோடு போயிற்று. ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்தது 30 நாளில் தானே அழிந்துவிடும். அவள் அறிந்தபோது காலம் கடந்துவிட்டது. விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்குக் காவற்பணிக்குச் சென்று திரும்பும் அவள் தந்தை, கடன் வாங்கி அந்தக் கட்டணத்தைச் செலுத்தினார்.

குற்றம் யாருடையது? எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பிய அலுவலகத்தின் குற்றம் பெரிது. ஆயினும் பெட்டியைப் பிரித்து வைக்க அந்தப் பெண்ணுக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதும் உண்மை. சமன்பாட்டைக் கற்பிக்கிறோம், சாசனத்தைக் கற்பிக்கிறோம். நாள்தோறும் கையாளும் அஞ்சற்பெட்டியைக் கற்பிக்க ஒருவரும் இல்லை!

மடற்குழுக் கடிதத்தின் குணம் என்ன? எதைப் பிடித்தால் அது பிடிபடும்? அனுப்புநர் பெயரைப் பிடிக்கலாம் என்பர் சிலர். உரையாடற் குழுவில் நாளுக்கொருவர் எழுதுவார். எத்தனை பெயரைப் பிடிப்பது? பொருள் வரியில் சதுர அடைப்புக்குள் குழுவின் பெயர் இருக்குமே என்பர் வேறு சிலர். எல்லாக் குழுவும் அப்படி இடுவதில்லை. மறுமொழி எழுதுகிறவர் அதை நீக்கிவிடவும் கூடும். 'சலுகை' என்ற சொல் வந்தால் ஒதுக்கிவிடு என்று கட்டளையிடுவோரும் உண்டு. அவர்களுக்குப் புடவைக் கடைச் சலுகையோடு கட்டணச் சலுகையும் ஒதுங்கிப் போகும்.

பின் எதைப் பிடிப்பது? ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் நம் கண்ணுக்குக் காட்டப்படாத தலைப்பு வரிகள் பல உண்டு. அஞ்சலுறையின்மேல் விழும் தபால் முத்திரை போன்றவை அவை. அவற்றுள் ஒன்றன் பெயர் லிஸ்ட்-ஐடி. மடற்குழுவின் அடையாளப் பெயர் அந்த வரியில் இருக்கும். எழுதுகிறவர் மாறலாம், பொருள் மாறலாம், குழு குடியிருக்கும் கணினியும் மாறலாம். அந்த அடையாளம் மாறாதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இதற்கான விதியை இணையப் பொறியாளர்கள் 2001 மார்ச் மாதத்தில் ஆர்.எஃப்.சி. 2919 என்ற எண்ணிட்ட ஏட்டில் வெளியிட்டார்கள். எங்கள் ஊரில் தங்கம் பிரிக்கும் ஆலை ஓய்ந்த மறுமாதம் அது! அதற்கு முன்பே, 1998 ஜூலையில் வெளியான ஆர்.எஃப்.சி. 2369 என்ற ஏடு, குழுவிலிருந்து விலகுவதற்கும் உதவி கேட்பதற்கும் பழைய மடல்களைப் பார்ப்பதற்கும் தனித்தனித் தலைப்பு வரிகளை வகுத்திருந்தது. மெயில்மேன், கூகுள் குழுமம் போன்றவை இந்த முத்திரைகளைத் தாமே பதித்து அனுப்புகின்றன.

இதைப் பயன்படுத்தப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, ஒரு மடற்குழுக் கடிதத்தைப் பாருங்கள். அனுப்புநர் பெயருக்குக் கீழேயுள்ள சிறு அம்புக்குறியை அழுத்தினால் விவரம் விரியும். லிஸ்ட்-ஐடி முத்திரை இருக்குமானால், 'மெயிலிங் லிஸ்ட்' என்ற வரியும், அந்தக் குழுவின் மடல்களை வடிகட்டுவதற்கான இணைப்பும் அங்கே தெரியும். அதை அழுத்துங்கள். இனி இக்குழுவின் மடல்களை என்ன செய்வது என்று ஜிமெயில் உங்களைக் கேட்கும். 'நூலகம்' என்றோ 'தமிழ்ச் சங்கம்' என்றோ ஒரு லேபிள் இடுங்கள். அவசரமில்லாத குழுவாக இருந்தால், முதற்பெட்டிக்கு வராமல் நேரே அந்த லேபிளுக்குப் போகச் செய்யுங்கள். அலுவலக அறிவிப்பாக இருந்தால், முதற்பெட்டியிலேயே இருக்கவிட்டு, 'ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்ற கட்டத்தில் குறியிடுங்கள். ஒரு குழுவுக்கு ஒரு நிமிடம் போதும். பத்துக் குழுவுக்குப் பத்தே நிமிடம். அந்தக் குறி அன்று இடப்பட்டிருந்தால், சலுகைக் கடிதம் அந்தப் பெண்ணின் கண்ணில் பட்டிருக்கும்.

"இதெல்லாம் எதற்கு? ஜிமெயிலே தரம் பிரித்துத் தருகிறதே!" என்பார் உளர். 2013 முதல் விளம்பரம், சமூகம் என்று தனித்தனித் தாவல்களாக அது பிரித்துத் தருவது உண்மைதான். ஆனால் அந்தப் பிரிப்பு கோடிக்கணக்கான மனிதர்களுக்கும் பொதுவாகச் செய்யப்படும் ஊகம். உங்களுக்கு எது உயிர்நாடி என்பதை அது எங்ஙனம் அறியும்? நகரத்துச் செல்வர் வீட்டு மாணவர்க்கு உதவித்தொகை அறிவிப்பு ஒரு விளம்பரம். தங்கவயல் லைன் வீட்டு மாணவர்க்கு அதுதான் படிப்பு. தன் தேவையை அறிந்தவன் தானே வகுத்த விதியே சிறந்த விதி.

"தேடினால் கிடைத்துவிடாதா?" என்பார் வேறு சிலர். இருக்கிறது என்று தெரிந்ததைத்தான் தேட முடியும். வந்ததே தெரியாத கடிதத்தை எந்தச் சொல்லைக் கொண்டு தேடுவீர்கள்?

இன்னொரு புறத்து மயக்கத்தையும் சொல்லவேண்டும். எல்லாக் குழுக்களிலிருந்தும் விலகிவிட்டால் தொல்லை ஒழிந்தது என்று கருதுவோர் நம்மில் பலர். மடற்குழு என்பது தொல்லையாகப் பிறந்ததன்று. 1986இல் லிஸ்ட்செர்வ் என்ற மடற்குழு மென்பொருளை எழுதிய எரிக் தாமஸ், அப்போது பாரிசில் நம்மைப் போன்ற ஒரு மாணவர்! 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, ஒருவரையொருவர் நேரில் கண்டிராத தமிழர் பல நாடுகளிலிருந்து நம் பழைய நூல்களைத் தட்டச்சிட்டு, பிழை திருத்தி, உலகுக்கு இலவசமாக அளித்தார்கள். அவர்களை இணைத்தது இணையமும் மின்னஞ்சலுமே. மரத்தடி, அகத்தியர், ராயர் காபி கிளப் என்று யாஹூ குழுமங்களில் தமிழர் கூடி எழுதிய காலமும் ஒன்று இருந்தது. அந்த யாஹூ குழுமச் சேவை 2020 டிசம்பரில் மூடப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பிருந்தே அங்கிருந்த பழைய மடல்கள் அகற்றப்பட்டன. அவரவர் பெட்டியில் வகைப்படுத்திச் சேர்த்து வைத்திருந்தவர்களிடம் அவை தங்கின. வருவதையெல்லாம் வாரி எறிந்தவர்களிடம் என்ன தங்கும்?

எங்கள் ஊரில் இதற்கு ஒரு சாட்சி நிற்கிறது. தங்கம் எடுத்தபின் கழிவென்று கொட்டிய மண், குன்று குன்றாக நிற்கிறது. சயனைடு மேடு என்போம். காற்றடித்தால் அந்தத் தூசு லைன் வீடுகளுக்குள் வந்து படியும். மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட அந்த மண்ணில் இன்னமும் தங்கம் எஞ்சியிருக்கிறது. அதை எடுப்பதற்கான மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. ஒரு காலத்துக் கழிவு இன்னொரு காலத்துக் கருவூலம். ஆகவே குழு மடல்களை ஒதுக்கி வையுங்கள், அழித்துவிடாதீர்கள். ஆனால் ஒதுக்கி வைத்ததை வாரத்துக்கு ஒருமுறையேனும் திறந்து பாருங்கள். திறக்காத லேபிளும் இன்னொரு மண்மேடுதான்.

விலகவே வேண்டிய குழுக்களும் உண்டு, மறுக்கவில்லை. எப்போதோ ஒரு செருப்பு வாங்கிய கடை நாள்தோறும் மடல் அனுப்பினால் யார் பொறுப்பார்? அங்கே ஸ்பேம் பொத்தானை அழுத்தாமல், 'அன்சப்ஸ்கிரைப்' என்பதை அழுத்துங்கள். ஒரே சொடுக்கில் விலகும் முறை 2017 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 8058 என்ற ஏட்டில் வகுக்கப்பட்டது. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடலுக்குமேல் அனுப்புவோர், தம் விளம்பர மடல்களில் இந்த வசதியைத் தந்தாக வேண்டும் என்று 2024இல் கூகுள் விதித்தது. யாஹூவும் மொத்தமாக அனுப்புவோர்க்கு அவ்வாறே விதித்தது. நீங்கள் கேட்டுப் பெற்ற மடலை ஸ்பேம் என்று குறித்தால், அந்தத் தீர்ப்பு உங்களோடு நிற்பதில்லை. பலர் அவ்வாறு குறிக்கும்போது, விரும்பிப் படிக்கும் மற்றவர்களுக்கும் அக்குழுவின் மடல் ஸ்பேம் பெட்டிக்குப் போகத் தொடங்கும். உங்கள் சலிப்புக்கு அடுத்த விடுதி அறையின் தோழர் தண்டனை பெறுவது முறையா?

ஓர் எச்சரிக்கை. லிஸ்ட்-ஐடி முத்திரை நல்லவர்க்கு மட்டுமே உரியதன்று. ஏமாற்றுவோரும் அதைப் போலியாகப் பதிக்கலாம். அது அடையாளம் காட்டும். நன்னடத்தைச் சான்று தராது. முன்பின் அறியாத மடலில் உள்ள 'விலக இங்கே அழுத்துக' என்ற இணைப்பை அழுத்தாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்கு நாமே அறிவித்ததாகும். அத்தகைய மடலுக்குத்தான் ஸ்பேம் பொத்தான் படைக்கப்பட்டது.

பெறுகிறவர்க்கு இவ்வளவு அறிவுரை சொன்னேன். அனுப்புகிறவர்க்குக் கடமை இல்லையா? நம் தமிழ்ச் சங்கமும் மடல் அனுப்பும் அமைப்புத்தான். சங்கத்தின் செயற்குழுவுக்கு நான்கு வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, அறிவிப்புக்கு ஒரு குழு, உரையாடலுக்கு வேறொரு குழு என்று இரண்டாகப் பிரியுங்கள். பொங்கல் விழாவில் யார் பறையடிப்பது என்ற விவாதமும், ஊக்கத்தொகை விண்ணப்ப நாளும் ஒரே குழாயில் வரவேண்டாம். இரண்டாவது, முகவரிகளை ஒட்டி ஒட்டி அனுப்புவதை விட்டு, லிஸ்ட்-ஐடி பதியும் முறையான மடற்குழு வழியாக அனுப்புங்கள். மூன்றாவது, இறுதி நாள் இருக்கும் அறிவிப்பானால், அந்த நாளைப் பொருள் வரியிலேயே எழுதுங்கள். நான்காவது, அறிவிப்புக் குழுவில் மறுமொழி எல்லோருக்கும் போகாதபடி அடைத்துவிடுங்கள். 2016 நவம்பரில் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் தவறிப் போன ஒரு சோதனை மடல் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைச் சென்றடைந்தது. "எனக்கு ஏன் அனுப்பினீர்கள்?" என்று பலர் எல்லோருக்குமாக மறுமொழி எழுத, அஞ்சல் அமைப்பே திணறிப் போயிற்று. நம் சங்கம் சிறியதுதான். நாற்பது 'வாழ்த்துகள்' மடல்களுக்கு அடியில் ஒரு முக்கிய அறிவிப்பு புதைவதற்கு அந்த அளவே போதும்.

ஐந்தாவதாக ஒன்றும் கேட்பேன். ஆண்டுதோறும் புதிய மாணவர்க்கு வரவேற்பு விழா எடுக்கிறோம். மாலை இடுகிறோம், பேசுகிறோம், விருந்து படைக்கிறோம். அந்த நாளில் அரைமணி நேரம் ஒதுக்கி, மூத்த மாணவர் ஒவ்வொருவரும் இரு புதிய மாணவரை அருகில் அமர்த்திக்கொள்ளட்டும். அவர்கள் அஞ்சற்பெட்டியை வகைப்படுத்திக் கொடுக்கட்டும். செலவு ஏதும் இல்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைக்கு, மாலையைவிட அது பயன்படும்.

அறிவிப்பு அனுப்பியாயிற்று, பார்க்காதது உன் குற்றம் என்று அலுவலகங்கள் சொல்லும் காலம் இது. அந்தச் சொல்லுக்கு நம் தோழர் ஒருவரும் இரையாகக் கூடாது. அடுத்த கல்வியாண்டின் வரவேற்பு விழாவிலேயே அந்த அரைமணி நேரத்தைத் தொடங்குவோம். செயற்குழு நாள் குறிக்கட்டும். சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். நீங்களும் வாருங்கள்.